மருந்தின் பெயர் பூண்ட மூன்று நூல்கள்

பதினெண்கீழ்க்கணக்கு எனத் தொகுக்கப்பெற்ற பதினெட்டு நூல்களுள் அறம் உரைப்பவை பதினொன்று. அவற்றுள் மூன்று, மருந்தின் பெயரைத் தம் பெயராகக் கொண்டவை. நல்லாதனாரின் திரிகடுகம், காரியாசானின் சிறுபஞ்சமூலம், கணிமேதாவியாரின் ஏலாதி என்பன அவை. பள்ளிப் பருவத்தில் இப்பெயர்களை நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். சுக்கு, மிளகு, திப்பிலி என்று விரல்களை மடக்கி ஒப்பித்து மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். அதற்குப் பின் இந்நூல்களைத் திறந்து பார்த்தவர் நம்மில் மிகச் சிலரே.

திறந்து பாராமலே போற்றுவோர் தொகை மட்டும் பெருகி வருகிறது. தமிழன் அன்றே மருத்துவ நூல் யாத்தான், அதற்குத் திரிகடுகமே சான்று என்று மேடையில் ஒருவர் முழங்க, அவையோர் கைதட்டக் கேட்டிருக்கிறேன். நானும் கைதட்டியவன்தான். பின்னர் நூலைக் கையில் எடுத்து நூறு வெண்பாக்களையும் படித்தபோது, எந்த நோய்க்கு எந்த மூலிகை என்ற குறிப்பு ஒன்றேனும் அதில் இல்லை என்பதைக் கண்டேன். சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் அவ்வாறே. இவை அறநூல்கள், மருத்துவ நூல்கள் அல்ல. அவ்வாறாயின் மருந்தின் பெயர் எதற்கு? அது மூன்று, ஐந்து, ஆறு என்னும் தொகையைக் குறிக்க ஒட்டிய வெறும் சீட்டா, அன்றி நூலின் உள்ளமைப்பையும் ஆள்வதா? இவ்வினாவை முன்வைத்து மூன்று நூல்களையும் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டும் பட்டியலும்

முதற்கண் மருந்தை அறிதல் வேண்டும். திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்று கார்ப்புப் பொருள்களின் சம எடைக் கூட்டு. சுக்கின் புறத்தோலைச் சீவி, மூன்றையும் தனித்தனியே வறுத்து இடித்து, துணியில் சலித்து எடுப்பது வழக்கம். துணியில் சலிப்பதை வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்பர். தேனில் குழைத்து உண்ணும்போது அத்தேனுக்கு அனுபானம் என்று பெயர். மருந்தை உடலுக்குள் ஏற்றிச் செல்லும் துணை அது.

இம்மூன்றும் ஏன் ஒன்று சேர்ந்தன? மிளகும் திப்பிலியும் ஒரே கொடியினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் பைப்பரின் என்னும் காரச்சத்து உண்டு. பிற பொருள்கள் குருதியில் கலப்பதை இச்சத்து மிகுவிக்கிறது. 1998 ஆம் ஆண்டு வெளிவந்த பெங்களூர் ஆய்வொன்று, மஞ்சளில் உள்ள குர்குமினோடு சிறிதளவு பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது மனித உடல் அதனை ஏற்கும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்ததாகக் காட்டியது. ஒன்று மற்றொன்றின் ஆற்றலைத் தூண்டி எழுப்புவதே கூட்டின் இயல்பு என்பதற்கு இது சான்று. ஒரு பொருளை நீக்கினால் மற்றவை முன்போல் வேலை செய்யா. நீக்கினாலும் கேடில்லையாயின் அது கூட்டு அன்று, வெறும் பட்டியல்.

மருந்தின் பெயர் பூண்ட செய்யுளையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம் அன்றோ? மூன்று கருத்துகளில் ஒன்றை நீக்கிப் பார்ப்போம். செய்யுள் குறைபட்டால் அது கூட்டு. குறைபடாவிட்டால் அது பட்டியல்.

மூன்று

நல்லாதனார் தம் திட்டத்தைக் கடவுள் வாழ்த்திலேயே தொடங்கிவிடுகிறார். உலகை அளந்தது, குருந்த மரத்தைச் சாய்த்தது, மாயச் சகடத்தை உதைத்தது என்று திருமாலின் மூன்று செயல்களை அடுக்குகிறார். அளந்ததும் சாய்த்ததும் உதைத்ததும் ஓர் அடியின் செயலாகவே முடிகின்றன. மூன்றும் தனித்து நில்லாமல் ஒன்றில் சென்று சேர்வதை வாழ்த்திலேயே காட்டிவிட்டார்.

நூலின் முதற்செய்யுளில்தான் மருந்தின் பெயர் வருகிறது. கற்புடைய மனைவியின் தோள், பழங்குடியில் பிறந்த மாண்புடையாரின் தொடர்பு, சொல்லின் குற்றத்தை நீக்கவல்ல கேள்விச் செல்வரின் நட்பு, இம்மூன்றும் திரிகடுகம் போன்ற மருந்து என்பது அதன் கருத்து. முதலில் மனை, அடுத்து உறவு, அதற்கும் அப்பால் அவை என்று வட்டம் விரிந்துகொண்டே செல்வதைக் காண்க. இடையில் ஒன்றை எடுத்துவிட்டால் விரிவு அறுந்துபோகும். நம் சொல்லில் உள்ள பிழையை எடுத்துக்காட்டும் நண்பனின் வாய்ச்சொல் கார்ப்பாகவே இருக்கும். அந்தக் காரத்தை மருந்து என்று ஏற்கச் சொல்வதில் உவமை உயிர் பெறுகிறது.

மற்றொரு செய்யுள் சாகத் துணிந்தவனின் செயல்கள் மூன்றைக் கூறுகிறது. பகைவன் முன்னே குடியிருப்பது, கூட்டமாய் நிற்கும் மாட்டுமந்தையினுள் கையில் கோலின்றிப் புகுவது, முன்பு தன்னைச் சினந்தவனைக் கைபற்றி உறவாகக் கொள்வது. இங்கே இடைவெளி படிப்படியாகக் குறைகிறது. முதற்பகை எதிரே உள்ளது; இரண்டாம் ஆபத்து சுற்றிலும் உள்ளது; மூன்றாவது கைக்குள்ளேயே வந்துவிட்டது. நடுவே நிற்கும் மாட்டுமந்தை ஓர் ஊர்ப்புறக் காட்சிதான். ஆயினும் அதனை நீக்கிவிட்டால், எதிரே நின்ற பகை கைக்குள் வந்த விதம் புலப்படாது. இது மெய்யான திரிகடுகம்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மைத் தொடும் செய்யுள் ஒன்றும் உண்டு. ஆசிரியர் இல்லாத ஊர், பிணக்கைத் தீர்க்கும் மூத்தோர் இல்லாத அவை, பகுத்து உண்ணாதார் அயலில் வாழ்வது, இம்மூன்றும் நன்மை தரமாட்டா என்கிறார் ஆசிரியர். தலைநகருக்கு வந்த நம் முன்னோர் முதலில் தேடியவையும் இவையே. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஒரு பள்ளி, கூடிப் பேச ஒரு சங்கம், பொங்கலன்று கிண்ணத்தை நீட்டினால் வாங்கிக்கொள்ளும் ஓர் அயல்வீடு. மூன்றில் ஒன்று இல்லாத குடியிருப்பில் மற்ற இரண்டும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதை அரசுக் குடியிருப்புகளில் மாறி மாறி வாழ்ந்தவர் எவரும் அறிவர்.

திரிகடுகத்தின் எல்லாப் பாடல்களும் இவ்வாறு அமைந்தன என்று சொல்வதற்கில்லை. வெறும் பட்டியலாய் நின்றுவிடும் செய்யுள்களும் அதில் உள. எனினும் நான்கடி வெண்பாவில் முதல் மூன்றடிக்கு மூன்று பொருள், இறுதியடிக்குப் பயன் என்னும் பகுப்பு இயல்பாகவே பொருந்திவிடுகிறது. மருந்துக்குத் தேன் எவ்வாறு அனுபானமோ, அவ்வாறே இம்மூன்று கருத்துகளுக்கு வெண்பா அனுபானம் ஆகிறது.

ஐந்து

சிறுபஞ்சமூலம் என்பது ஐந்து சிறிய வேர்களின் தொகுதி. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்று உரைநூல்கள் அவற்றைக் குறிக்கும். வடமொழி மருத்துவ நூல்களில் மல்லிகள் இரண்டின் இடத்தில் சாலபர்ணி, பிருச்னிபர்ணி என்பவை நிற்கின்றன. இவற்றை ஓரிலை, மூவிலை என்று வழங்குவர். மல்லி என்ற பெயரைக் கண்டு கூந்தலில் சூடும் மல்லிகையை எண்ணிவிடலாகாது. வில்வம், குமிழ், பாதிரி முதலான மரங்களின் வேர்கள் ஐந்து சேர்ந்தது பெரும்பஞ்சமூலம். சிறியதும் பெரியதும் சேர்ந்தால் தசமூலம். பிள்ளைபெற்ற பெண்களுக்கு நம் வீடுகளில் இன்றும் வாங்கிக் கொடுக்கும் தசமூலாரிஷ்டத்தில் சேரும் தசமூலத்தில் பாதி, காரியாசான் தம் நூலுக்குப் பெயராகக் கொண்ட இந்தச் சிறு வேர்களே.

பெரிய மரங்களின் வேர் இருக்க, நூலாசிரியர் சிறியதைத் தேர்ந்தது ஏன்? கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் யாரும் நட்டு வளர்ப்பவை அல்ல. தரிசிலும் வழியோரத்திலும் தாமே முளைத்து, நடப்போர் காலில் முள்ளாகத் தைப்பவை. அவற்றின் வேரில்தான் இருமலுக்கும் நீர்ச்சுருக்குக்கும் மருந்து கண்டார்கள். விதையாமலே முளைக்கும் வித்தும் உண்டு, பூவாமலே காய்க்கும் மரமும் உண்டு, சொல்லாமலே உணரும் அறிவும் உண்டு என்று இந்நூலின் செய்யுள் ஒன்று கூறுகிறது. பூவாது காய்க்கும் மரத்துக்கு அத்தியையும் ஆலையும் காட்டுவர். அத்தியின் பூ அதன் காய்க்குள்ளேயே மறைந்திருக்கிறது என்பது இன்றைய தாவர நூல் கூறும் விளக்கம். அவ்விளக்கத்தால் செய்யுள் பொய்க்கவில்லை. கண்ணுக்குப் புலப்படாத பூவைப் போலவே, பிறர்க்குப் புலப்படாத அறிவும் உள்ளிருந்து கனிகிறது என்று பொருள் மேலும் சிறக்கிறது.

இந்நூலில் என் உள்ளம் கவர்ந்தது வனப்பைக் கூறும் செய்யுள். கண்ணுக்கு அழகு இரக்கம். காலுக்கு அழகு பிறரிடம் இரந்து செல்லாமை. கணக்குக்கு அழகு இவ்வளவு என்று ஐயமறச் சொல்லுதல். இசைக்கு அழகு கேட்டவர் நன்றெனல். அரசனுக்கு அழகு நாட்டை வருத்தாதவன் என்று மக்கள் கூறல். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடும் கணக்குகளோடும் வாழும் எழுத்தன் நான். எண்ணுக்கும் ஓர் அழகு உண்டு, அது ஐயமின்றி இத்துணை என்பதே என்று ஒரு புலவர் எனக்காகவே எழுதி வைத்தாற்போல் தோன்றியது. கண்ணில் தொடங்கி அரசில் முடியும் இவ்வரிசையும் உடலிலிருந்து நாட்டுக்கு விரிகிறது. ஆயினும் ஐந்து பொருளுக்கு நான்கடி போதாமல், சில செய்யுள்களில் சொற்கள் நெருக்குண்டு, உரையின்றிப் பொருள் விளங்காத நிலை ஏற்படுகிறது. வேர் நல்லது, இடித்த பின் சலிக்காமல் விட்டார்போலும் என்று சில இடங்களில் எண்ணத் தோன்றுகிறது.

ஆறு

கணிமேதாவியார் காரியாசானோடு ஒருங்கு பயின்றவர். இருவரும் மாக்காயனாரின் மாணவர். உடன்பயின்றவர் ஐந்தைத் தொட, இவர் ஆறைத் தொட்டார். ஏலாதி என்றால் ஏலத்தை முதலாக உடையது. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு பங்கு, சிறுநாவற்பூ மூன்று பங்கு, மிளகு நான்கு பங்கு, திப்பிலி ஐந்து பங்கு, சுக்கு ஆறு பங்கு என்பது இச்சூரணத்துக்குக் கூறப்படும் அளவு. மொத்தம் இருபத்தொரு பங்கு. பெயரைத் தரும் ஏலம் அளவில் மிகக் குறைவு. பெயரில் தோன்றாத சுக்கோ மிகுதி.

இவ்வளவுமுறையே இந்நூலின் குறையையும் காட்டிக்கொடுக்கிறது. மருந்தில் ஆறும் ஆறு அளவில் நிற்கின்றன. செய்யுள்கள் பலவற்றில் ஆறும் ஒரே அளவில், ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக நிற்கின்றன. போதாக்குறைக்குப் பூமாலை அணிந்த பெண்ணை விளிக்கும் தொடர் ஒன்று வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. எண்பது செய்யுள்களையும் தொடர்ந்து படிப்பவர்க்கு அறத்தின் சுவையைவிட எண்ணும் உழைப்பே மிஞ்சுகிறது.

ஆனால் இதே நூலில்தான், அளவறிந்து கூட்டிய செய்யுள் ஒன்றும் உள்ளது. இடை, தோள், பெருமை, நடை, நாணம், கழுத்து ஆகிய ஆறன் அழகும் அழகல்ல. எண்ணும் எழுத்தும் தரும் அழகே அழகு என்று அது முடிகிறது. ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி வைத்து, இறுதியில் ஒரே வீச்சில் இறக்கிவிடுகிறார். ஆறும் வேண்டும், ஆறு இருந்தால்தான் இறுதியில் வரும் கல்விக்கு எடை கூடும். பெண்ணின் அழகைப் பாடுவது போலத் தொடங்கிப் பெண்ணின் கல்வியைப் போற்றி முடிக்கும் இவ்வொரு பாடலுக்காகவே ஏலாதியைப் படிக்கலாம்.

ஆகவே தரம் பிரிப்பின், பெயருக்குத் தக நின்ற நூல் திரிகடுகம். ஓரளவு நின்றது சிறுபஞ்சமூலம். பெயரின் நுட்பத்தை ஓரிரு இடங்களிலேயே எட்டியது ஏலாதி. எண் பெருகப் பெருகக் கூட்டு தளர்ந்து பட்டியல் ஆயிற்று என்பதே என் முடிவு.

உவமையும் மருந்தும்

இனி, தொடக்கத்தில் சொன்ன கைதட்டலுக்குத் திரும்புவோம். இந்நூல்களை மருத்துவ நூல்கள் என்று கொண்டாடுவதில் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். கேடு உண்டு என்பதை என் வீட்டில் கண்டவன் நான்.

2016 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் என் தந்தையார் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். வந்த சில நாள்களில் இருமல் தொடங்கியது. தில்லிக் குளிர், புகை என்று எண்ணினோம். அம்மா திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்துக் காலையும் மாலையும் கொடுத்தார். தொண்டைக்கு இதமாக இருந்ததாக அப்பாவும் சொன்னார். திரிகடுகத்துக்கு மிஞ்சிய மருந்து உண்டா என்று நான் பெருமையோடு சொன்னது நினைவில் உள்ளது. இரண்டு மாதம் சென்றது. உடல் மெலிந்து, மாலையில் காய்ச்சல் வரத் தொடங்கிய பின்னரே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சளிச் சோதனையில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை உண்டு குணமடைந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சோதித்துக்கொள்ள வேண்டும் என்னும் எளிய விதியை நான் அறிந்திருக்கவில்லை. தவறு சூரணத்தினது அன்று. அதனை அளவுக்கு மீறி நம்பிய என்னுடையது.

அந்நாள்களில் மருத்துவமனை வரிசையில் நின்றபோது திருக்குறளின் மருந்து அதிகாரம் நினைவுக்கு வந்தது. பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முதற்குறள் நோயின் பிறப்பைச் சொல்கிறது. அடுத்த ஆறும் முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியன. இறுதி மூன்றும் மருத்துவனைப் பற்றியன. நோய் எது, அதன் காரணம் எது, அதனைத் தணிக்கும் வழி எது என்று ஆராய்ந்த பின்னரே செயல்பட வேண்டும் என்கிறார் வள்ளுவர். நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணச் சொல்கிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்று நான்கு பகுதிகளைக் காட்டுகிறார். மருந்து அந்நான்கில் ஒன்று மட்டுமே. நான் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நோயை நாடாமல் விட்டேன். மூன்றில் ஒன்றை நீக்கினால் கூட்டு சிதையும் என்று செய்யுளுக்குச் சொன்ன விதி, வாழ்க்கைக்கும் பொருந்திற்று.

மூலிகையைப் பழித்தல் என் கருத்தன்று. சித்த மருத்துவத்துக்கெனத் தனி நூல்களும் பயின்ற மருத்துவரும் உளர். 2005 ஆம் ஆண்டு முதல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்கி வருகிறது. நாட வேண்டிய இடம் அது, அறநூல் அன்று. மேலும், பிற பொருளைக் குருதியில் மிகுவிக்கும் பைப்பரின், நாம் உண்ணும் வேறு மாத்திரைகளின் அளவையும் மாற்றக்கூடும். ஆதலால் வீட்டில் சூரணம் உண்போர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுதல் நன்று.

நல்லாதனார் தம் முதற்செய்யுளில் 'போலும்' என்ற ஒரு சொல்லை வைத்தார். நல்ல மனையும் உறவும் நட்பும் திரிகடுகம் போலும் மருந்து. மருந்து உவமை, வாழ்க்கை பொருள். உவமையைப் பொருளாகக் கொண்டு மயங்கினால் செய்யுளும் வீண், மருந்தும் வீண். எனினும் உவமை விளங்க வேண்டுமாயின் அம்மருந்தின் காரத்தை நாக்கு அறிந்திருக்க வேண்டும். தம் காலத்தில் அதை அறியாதார் இலர் என்ற நம்பிக்கையில்தான் புலவர் அதனை உவமையாக்கினார். நம் பிள்ளைகளுக்கு இன்று அந்த நம்பிக்கை பொருந்துமா?

சென்ற ஆண்டு என் மகள் இப்பெயர்களைத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, "திப்பிலி எப்படியப்பா இருக்கும்?" என்று கேட்டாள். சொல்லி விளக்க இயலவில்லை. அடுத்த ஞாயிறு அவளைப் பழைய தில்லியின் காரீ பாவலிக்கு அழைத்துச் சென்றேன். மூட்டைகளின் நடுவே தும்மிக்கொண்டு ஒரு கடையில் நின்று, சோண்ட், காலி மிர்ச், பீப்லி என்று மூன்றையும் இந்தியில் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "திரிகடுவா?" என்றார். மகள் வியப்போடு என்னை நோக்கினாள். தன் பாடநூலில் மட்டும் இருப்பதாக அவள் எண்ணியிருந்த பெயர், ஆயிரம் கல் தொலைவில், பிறமொழி பேசும் வணிகரின் நாவில் உயிரோடு இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு திப்பிலிக் கதிரை வாயிலிட்டு மென்றவள், கண்ணில் நீர் வர, "இதையா புலவர் நல்ல நட்புக்குச் சொன்னார்?" என்றாள். ஆம் என்றேன். சற்றுப் பொறுத்து, காரம் அடங்கி நெஞ்சில் வெப்பம் பரவிய பின், "சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்றாள்.

நூறு செய்யுளுக்கும் அதைவிடச் சிறந்த உரை எனக்குத் தெரியாது.